சொல்லிசை எங்கிருந்து வருகிறது? திருகோணமலையிலிருந்து ஹிப் ஹாப்பைப் புரிந்துகொள்ளல்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் போனால், சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சுற்றி நாலைந்து பெடியள் நிற்பதைக் காணலாம். ஒருவன் கையை வீசி வீசி வேகமாகச் சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். அந்த வழியால் நடந்து போகும் பெரியவர்களுக்குக் குழப்பம். இது பாட்டா, பேச்சா? அமெரிக்கச் சண்டியர்களின் பழக்கம் இங்கே எப்படி வந்தது? வாள்வெட்டு, போதைப்பொருள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இந்த இசையின் பெயரும் சேர்ந்து அடிபடுவதால் பயமும் கூடுகிறது. பாடசாலை மேடையில் இதற்கு இடம் கொடுக்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள்.

இவற்றுக்குப் பதில் வேண்டுமென்றால் அரை நூற்றாண்டுக்கு முந்திய நியூயோர்க்குக்குப் போக வேண்டும். அதற்கு முதல், சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

முதலில் சொற்கள்

ஹிப் ஹாப் என்பது ஒரு பண்பாட்டின் பெயர். ராப் அதில் ஒரு பகுதி மட்டும். வழக்கமாக நான்கு கூறுகளைச் சொல்வார்கள்:

1. டீஜேயிங்: இசைத்தட்டுகளைக் கையால் ஓட்டியும் நிறுத்தியும் பின்னுக்கு இழுத்தும் புதிய இசை செய்வது.
2. எம்சீயிங்: தாளத்தின் மேல் சொல்வது. ராப் என்பது இதுதான். இலங்கைத் தமிழ்க் கலைஞர்கள் இதைச் 'சொல்லிசை' என்கிறார்கள். பொருத்தமான சொல், ஏனென்றால் இதில் ராகத்தைவிடச் சொல்லுக்குத்தான் வேலை அதிகம்.
3. பிரேக்கிங்: 'பிரேக் டான்ஸ்' என்று நாம் சொல்லும் ஆட்டம்.
4. கிராஃபிட்டி: சுவரிலும் ரயில் பெட்டியிலும் ஸ்பிரே பெயின்ட்டால் எழுதும் எழுத்துக் கலை.

நியூயோர்க்கில் உருவான ஸூலு நேஷன் என்ற அமைப்பு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தது: அறிவு. நீ எங்கிருந்து வந்தாய், உன் தெரு ஏன் இப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது. பலர் விட்டுவிடும் கூறு இது. மற்ற நான்கும் ஏன் உலகம் முழுக்கப் பரவின என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு சொல், ஃப்ளோ. தாளத்தின் மேல் சொற்கள் விழும் விதம். அருணகிரிநாதர் திருக்கோணமலைக்கும் ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். சந்தம் பிசகாமல் அதை ஓதிப் பழகியவருக்கு ஃப்ளோ என்றால் என்னவென்று பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியில் ஒரு வித்தியாசம் உண்டு. திருப்புகழில் எடுத்த சந்தம் பாட்டு முடியும் வரை மாறாது. ராப்பர் வேண்டுமென்றே தாளத்துக்குப் பிந்துவார், முந்துவார், நடுவில் சந்தத்தையே மாற்றுவார். எதுகையும் மோனையும் எங்கே விழும் என்று கேட்பவர் ஊகிக்க, அதை ஏமாற்றுவதுதான் கலை. 'ராப் எங்களிடம் முன்பே இருந்தது' என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சந்தம் எங்களிடம் இருந்தது. ஹிப் ஹாப்பைச் செய்தவர்கள் கறுப்பின, கரீபிய, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள். அந்த உழைப்பை அவர்கள் பெயரிலேயே வைக்க வேண்டும்.

எரிந்த நகரில் பிறந்தது

நியூயோர்க்கின் வடக்கே உள்ள பகுதி பிராங்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ரொபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி அதன் நடுவால் ஒரு பெருந்தெரு வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு எழுப்பப்பட்டன. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய கட்டடங்களில் வாடகை வராததால், காப்புறுதிப் பணத்துக்காக வீட்டுச் சொந்தக்காரர்களே ஆள் வைத்துக் கொளுத்தினார்கள். நகரசபை 1975 இல் வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தது. தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1970 முதல் 1980 வரையான பத்து வருடத்தில் பிராங்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 வீதத்துக்கு மேல் தீக்கும் கைவிடலுக்கும் இழந்தன. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரையில்லாத சுவரைப் பார்த்து நின்றவர்கள் வாழும் மாவட்டத்தில் இந்தக் கணக்கை நீட்டி விளக்கத் தேவையில்லை.

தெருக்கள் குழுக்களின் கையில் இருந்தன. ஒரு குழுவின் சட்டையோடு இன்னொரு குழுவின் தெருவுக்குள் போனால் அடி விழும், சிலவேளை உயிரும் போகும். 1971 டிசம்பர் 2 ஆம் திகதி, கெட்டோ பிரதர்ஸ் குழுவின் கோர்னெல் பெஞ்சமின், இரு தரப்புக்கு நடுவே சமாதானம் பேசப் போன இடத்தில் கொல்லப்பட்டார். எல்லோரும் பழிவாங்கலை எதிர்பார்த்தார்கள். கெட்டோ பிரதர்ஸ் அதைச் செய்யவில்லை. டிசம்பர் 8 ஆம் திகதி ஹோ அவெனியூவில் இருந்த சிறுவர் கழகக் கட்டடத்துக்கு எல்லாக் குழுக்களையும் கூப்பிட்டு உடன்பாடு செய்தார்கள். சண்டை முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பெடியன் இன்னொரு தெருக் கொண்டாட்டத்துக்குப் போய்வரும் வழி திறந்தது. ஹிப் ஹாப்பின் கதையை இசைத்தட்டிலிருந்து தொடங்குபவர்கள் இந்தச் சந்திப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நடந்திராவிட்டால் இனிச் சொல்லப்போவதும் நடந்திருக்காது.

1973 ஓகஸ்ட் 11. செட்ஜ்விக் அவெனியூ, 1520 ஆம் இலக்கத் தொடர்மாடி. சிண்டி கேம்பல் என்ற பெண்பிள்ளைக்குப் பாடசாலை தொடங்க முதல் புது உடுப்பு வாங்கக் காசு வேண்டியிருந்தது. மாடியின் பொது அறையை வாடகைக்கு எடுத்து, கையால் எழுதிய அழைப்புகளைக் கொடுத்து, பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் என்று வைத்து ஒரு நடன விருந்து நடத்தினார். இசை போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், பட்டப்பெயர் கூல் ஹெர்க். ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967 இல் பன்னிரண்டு வயதில் பிராங்ஸுக்கு வந்தவர். தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஊரையே ஆட வைக்கும் ஜமெய்க்காப் பழக்கம் அவரோடு வந்திருந்தது.

ஹெர்க் கவனித்தது ஒரு சின்ன விசயம். பாட்டில் பாடகர் ஓய்ந்து, மற்ற வாத்தியங்களும் நின்று, டிரம்ஸ் மட்டும் கேட்கும் சில விநாடிகள் வரும். அதற்குப் பெயர் பிரேக். ஆட வந்தவர்கள் அந்த விநாடிகளுக்காகவே காத்திருந்து, வந்ததும் பாய்ந்தார்கள். ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கினார். அது முடிய முதல் முந்தியதைப் பின்னுக்குச் சுற்றி வைத்தார். ஐந்து விநாடித் தாளம் ஐந்து நிமிடமானது. அந்தத் தாளத்தில் ஆடியவர்கள் பிரேக் பாய்கள், சுருக்கமாகப் பீ பாய்கள். அதன் மேல் மைக்கில் கூட்டத்தை உற்சாகப்படுத்திச் சொன்னவர்களே முதல் எம்சீக்கள்.

இதிலிருந்து மூன்று விசயங்களைக் கவனத்தில் வைக்கலாம்:

1. புது வாத்தியம் தேவைப்படவில்லை. இருந்த பொருளைப் புது விதமாகப் பயன்படுத்தினார்கள். அதனால் எந்த ஏழை ஊரும் இதை எடுத்துக்கொள்ள முடிந்தது.
2. சண்டைக்குப் பதில் போட்டி வந்தது. இரண்டு தரப்பு நேருக்கு நேர் நின்று ஆட்டத்தால், சொல்லால் மோதுவதைப் பேட்டில் என்கிறார்கள்.
3. மைக் பிடித்தவர் தன் பெயரையும் தன் தெருவின் பெயரையும் சொன்னார். ஊரை வரைபடத்திலிருந்தே அழித்துக்கொண்டிருந்த காலத்தில் அது சின்ன விசயம் இல்லை.

மார்செய், டக்கார், கோலாலம்பூர்

1979 இல் முதல் பெரிய ராப் இசைத்தட்டு வெளிவந்தது. வெறும் கொண்டாட்டம் அது. 1982 இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்த பாட்டுத்தான் உடைந்த கண்ணாடியையும் எலியையும் கடன் தொல்லையையும் சொல்லி, இந்த வடிவத்தால் வேறு என்ன செய்யலாம் என்று காட்டியது. அதற்குப் பிறகு இது எந்தெந்த ஊரில் வேர் விட்டது என்று பாருங்கள்.

பிரான்ஸில் தலைநகரின் புறநகர்களிலும் மார்செய் துறைமுகத்திலும். மார்செய் நகரின் ஐ ஏ எம் குழுவில் இத்தாலி, மடகாஸ்கர், செனகல், அல்ஜீரியா என்று வெவ்வேறு வேர்கள் உள்ளவர்கள் ஒன்றாக நின்று, அந்த ஊர்ப் பிரெஞ்சிலேயே சொன்னார்கள். அரசின் கொள்கையும் கைகொடுத்தது. 1996 முதல் அங்கே வானொலிகள் 40 வீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டுப் போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. போடுவதற்குப் புதுப் பாட்டுத் தேவைப்பட்டது. ராப்பர்களிடம் அது இருந்தது.

செனகலின் டக்காரில் வொலோஃப் மொழியின் பழைய வாய்மொழிக் கவி வடிவமான தாசுவோடு ராப் கலந்தது. 2011 இல் கேர் குய் என்ற ராப் குழுவினரும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 'போதும், வெறுத்துவிட்டது' என்ற பொருளுள்ள பெயரில் ஓர் இயக்கம் தொடங்கி, இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பதியச் சொல்லித் தெருத்தெருவாகப் போனார்கள். மூன்றாம் முறை போட்டியிட்ட ஜனாதிபதி வாட் 2012 தேர்தலில் தோற்றார். துனிசியாவில் எல் ஜெனரால் என்ற இளைஞர் நாட்டின் தலைவரையே விளித்துச் சொன்ன பாட்டு 2010 இன் கடைசியில் இணையத்தில் பரவியது. அவரைப் பிடித்து அடைத்தார்கள். சில நாட்களில், 2011 ஜனவரி 14 இல், அந்தத் தலைவர் நாட்டை விட்டு ஓடினார். பாட்டால்தான் ஆட்சி விழுந்தது என்று நான் சொல்லவில்லை. தெருவில் இருந்த கோபத்துக்கு வாய் கிடைத்தது.

தமிழுக்கு வருவோம். சினிமாவில் 1994 இலேயே 'பேட்டை ராப்' கேட்டோம். ஆனால் சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப்பைத் தனிக் கலையாக நிறுத்தியதில் மலேசியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. யோகி பியும் நட்சத்ராவும் 2006 இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு அதில் முக்கியம். தோட்டங்கள் விற்கப்பட்டு, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கோலாலம்பூரின் ஓரங்களில் வந்து குவிந்த காலத்தின் பிள்ளைகள் வளர்த்த இசை அது. பிராங்ஸின் கதையோடு பொருந்துகிறது, இல்லையா? லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போருக்குள்ளால் மீண்டும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம் ஐ ஏ என்ற பெயரில் 2005 இல் தந்தையின் இயக்கப் பெயரையே முதல் தொகுப்புக்கு வைத்தார். தமிழகத்தின் ராப்பர் அறிவு, 2021 இல் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் தலைமுறையைப் பேசினார். இங்கே கிருஷான் மகேசனும், ஏ டி கே எனப்படும் தினேஷ் கனகரத்தினமும் நாட்டுக்குள் இருந்தபடியே இந்த வழியைப் போட்டவர்கள்.

அப்போ, சண்டித்தனம்?

பெற்றோரின் பயத்துக்குக் காரணம் உண்டு. துப்பாக்கி, தங்கச் சங்கிலி, பெண்ணைப் பொருளாகக் காட்டும் வீடியோ, இவையும் ராப்தான். இந்தக் கிளை 1980களின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பெருத்தது. மலிவான கிராக் போதைப்பொருளும் பொலிஸ் வன்முறையும் சேர்ந்த காலம். தொடக்கத்தில் அந்தப் பாட்டுகள் கண்டதைச் சொன்னவைதான். பொலிஸாரைத் தாக்கிய ஒரு பாட்டுக்காக 1989 இல் எஃப் பி ஐ அதிகாரி ஒருவர் என் டபிள்யூ ஏ குழுவின் நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். அந்தக் கடிதம் விற்பனையைக் கூட்டியது. பெரிய இசை நிறுவனங்கள் இதைக் கவனித்தன. 1996 இல் அமெரிக்காவில் வானொலி உரிமை பற்றிய சட்டம் தளர்ந்தது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே கம்பனியின் கைக்குப் போயின. எங்கும் ஒரே பட்டியல். விற்கும் என்று தெரிந்த ஒரு முகம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நமது பிள்ளைகளின் போனில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த முகம்.

இதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. பெண்களைப் பற்றிக் கேவலமாகச் சொல்லும் வரி, எந்தத் தாளத்தில் வந்தாலும் கேவலமான வரிதான். முதல் விருந்தை நடத்தியது ஒரு பெண்பிள்ளை என்பதை அப்படி எழுதும் பெடியளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதல் தடவையாக இடம்பெற்றபோது பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி தங்கம் வென்றதையும் சொல்லலாம். அதே மேடையில் அகதிகள் அணிக்காக ஆடிய மனிஷா தலாஷ், காபூலில் இந்த ஆட்டத்தைப் பழகித் தலிபான் வந்ததும் தப்பி ஓடியவர். ஆப்கான் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்று எழுதிய துணியை விரித்துக் காட்டினார். அரசியல் வாசகம் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். ஆட்டம் மட்டும் வேண்டும், ஐந்தாவது கூறான அறிவு வேண்டாம் என்றால் இப்படித்தான் நடக்கும்.

வரியைச் சாட்சியாக வாசிப்பவர்கள்

இனிச் சொல்வது எழுதத் தொடங்கும் இளைஞர்களுக்கு நேரடியாகத் தேவையானது. ராப்பில் 'நான்' என்று வருவதெல்லாம் எழுதியவர் இல்லை. கூத்தில் இராவணன் வேசம் கட்டியவரை யாரும் சீதையைத் தூக்கியதற்காகப் பிடிப்பதில்லை. ஆனால் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ராப் வரிகள் குற்ற வழக்குகளில் சாட்சியாக வைக்கப்படுகின்றன. இதைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா 2022 இல் தனிச் சட்டமே செய்தது. ஈரானில் தூமாஜ் சாலெஹி என்ற ராப்பருக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டு மாதத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இங்கேயும் இதைத் தூரத்து விசயமாக எடுக்க முடியாது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தை எதிர்க்கும் கவிதைகளும் அதில் இருந்தன. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது, விடுதலையாக 2023 டிசம்பர் ஆனது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இதோடு இருக்கின்றன. பேட்டிலில் எதிராளியின் சமூகத்தைத் தாக்குவது கலையாகவும் தோல்வி, சட்டத்திலும் ஆபத்து. இன்னொன்று, இணையத்தில் எடுத்த பீட்டும், அதாவது பின்னணித் தாள இசையும், ஒருவரின் உழைப்பு. அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் பேசும், அதற்கு முதலே யூடியூப் பாட்டை இறக்கிவிடும்.

எந்தத் தமிழில் சொல்வது?

திருகோணமலையில் இந்தக் கேள்வியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். மார்செய் மார்செய்ப் பேச்சில் சொன்னது, டக்கார் வொலோஃபில் சொன்னது. எங்கள் பெடியள் பலர் மைக்கைப் பிடித்ததும் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். எங்கள் தமிழ் வானொலிகளில் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் தமிழகச் சினிமாப் பாட்டு என்பதால் அது நடக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் 'என்ன கதைக்கிறாய்' என்று கேட்டுவிட்டு மேடையில் 'என்ன மச்சி பேசுற' என்றால், ஃப்ளோ நன்றாக இருந்தாலும் ஆள் காணாமல் போய்விடுகிறார்.

இந்த மாவட்டத்தில் கேட்க இருப்பது கொஞ்சமா? கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்தவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டு, எம்சீ கேட்க, கூட்டம் பதில் சொல்வதற்கு மிகக் கிட்டிய வடிவம். கூத்தில் ஆட்டத்தோடு வரும் பாட்டான ஆட்டத் தரு இருக்கிறது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் நாட்டார் கவி இருக்கிறது. ஒரே சந்தையில் தமிழும் சிங்களமும் மாறி மாறிக் கேட்கிற ஊர் இது. மொழி மாறும் இடத்தில் எதுகை வைக்கும் வாய்ப்பு எல்லா ராப்பருக்கும் கிடைக்காது.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள்: பாதை. தமிழகத்தில் அது நடக்கும் வழி. கிழக்கில் அது ஆற்றையும் களப்பையும் கடக்க ஏறும் மிதவைப் படகும்தான். 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில், பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்தது. 'பாதை கவிழ்ந்தது' என்று ஒரு ராப்பர் தாளத்தில் வைத்தால், சென்னையில் கேட்பவர் அதைக் கற்பனை என்று நினைப்பார். கிண்ணியாவில் கேட்பவருக்கு எந்தக் காலை, எந்தக் கரை என்று தெரியும்.